பல துறைகளில் கால் வைத்து, எல்லாவற்றையும் உண்மையாகச் செய்த, நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாத வெளிநாட்டுக் கலைஞர் யார்?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வந்த பெயர் ஒன்றுதான்: கெயோர்க் ஒட்ஸ். எஸ்தோனியா நாட்டுக்காரர். 1920-ல் பிறந்தவர், 1975-ல் ஐம்பத்தைந்து வயதில் இறந்துபோனார். ஓபரா மேடையில் முன்னணிப் பாடகர், சினிமாவில் நாயகன், வானொலியிலும் இசைத்தட்டிலும் மெல்லிசைப் பாடகர். இதற்கெல்லாம் முன்னால் நீச்சல் வீரர். எதைத் தொட்டாலும் உண்மையாகச் செய்தவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியாது.

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். முஸ்தமே பகுதியில், சோவியத் காலத்தில் கட்டிய ஐந்து மாடிக் குடியிருப்பு. சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டில் தண்ணீர் கொதிப்பதுகூடக் கேட்கும். நவம்பரில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்படி ஒரு சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. மூன்று மூன்று தட்டாகச் சுழலும் மெட்டு. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். எனக்கு மட்டும் சொல்வதுபோலப் பாடினார் அந்த ஆள்.

மறுநாள் படிக்கட்டில் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்த்தபோது, நேற்று யார் பாடியது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை எஸ்தோனிய மொழியில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒட்ஸ்! உங்களுக்கு ஒட்ஸைத் தெரியாதா?" என்றவர், கையோடு வீட்டுக்குள் கூப்பிட்டுப்போனார். இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விரல் படாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஓரத்தை மட்டும் பிடித்து, வெல்வெட் துணியால் கோடுகளின் போக்கிலேயே ஒரு சுற்று துடைத்து வைத்தார். ஊசி இறங்கியது. கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு, முதல் வரிக்கு முன்னால், பாடகர் மூச்சு இழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்த மூச்சில்தான் நான் விழுந்தேன்.

அவர் கதையும் மூச்சில்தான் தொடங்குகிறது.

பிறந்தது பெட்ரோகிராடில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். குடும்பம் சீக்கிரமே தாலினுக்கு வந்துவிட்டது. அப்பா கார்ல் ஒட்ஸும் பாடகர், தாலினில் 'எஸ்தோனியா' என்ற பெயர் கொண்ட நாடக அரங்கில் டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரலில் பாடியவர். அந்த அரங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தபோதே மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டு எழுப்பி, 1913-ல் திறந்த கட்டடம் அது. அப்பாவுக்கு அது வேலை பார்த்த இடம், மகன் ஓடியாடி வளர்ந்த இடம். ஆனாலும் மகன் பாட்டுப் பக்கம் உடனே போகவில்லை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தார், கட்டடக் கலை படிக்க நினைத்தார், நீந்தினார். 1939-ல் 1500 மீட்டர் நீச்சலில் எஸ்தோனிய சாம்பியன் ஆனார். 1500 மீட்டர் என்பது வேகத்தை நம்பி நீந்தும் தூரம் கிடையாது. மூச்சை எங்கே செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்று தெரிந்தவருக்கு உரியது. அவர் பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த விஷயம் ஞாபகம் வரும்.

அடுத்து வந்தது போர். 1940-ல் சோவியத் யூனியன் எஸ்தோனியாவை எடுத்துக்கொண்டது. மறுவருடமே ஜெர்மன் படைகள் நெருங்க, இளைஞர்களைப் படைக்குச் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். ஒட்ஸ் இருந்த கப்பலின் பெயர் 'சிபிர்'. 1941 ஆகஸ்டில் பின்லாந்து வளைகுடாவில் விமானங்கள் குண்டு வீசி அதை மூழ்கடித்தன. ஏராளமானவர்கள் செத்துப்போனார்கள். நீச்சல் சாம்பியனான இந்த இருபத்தொரு வயதுப் பையன் பல மணி நேரம் தண்ணீரில் தாக்குப்பிடித்து, கடைசியில் கடல் கண்ணிவெடிகளை அகற்றும் ஒரு கப்பலில் ஏறிப் பிழைத்தார்.

பிழைத்தவர் ரஷ்யாவுக்குள் போய்ச் சேர்ந்தார். அங்கே யாரோஸ்லாவ்ல் நகரத்தில், போரால் சிதறிய எஸ்தோனியக் கலைஞர்களை ஒன்றுசேர்த்துக் குழுக்கள் அமைத்திருந்தார்கள். ஒட்ஸும் அங்கே சேர்ந்தார். அலெக்சாந்தர் ஆர்தர் என்ற பாடகர் அவருக்குக் குரல் பயிற்சி கொடுத்தார். போர் இல்லாதிருந்தால் எஸ்தோனியாவுக்கு ஒரு கட்டடக் கலைஞர் கிடைத்திருப்பார், இந்தக் குரல் கிடைத்திருக்காது. இதை எழுதும்போதே மனசு கனக்கிறது, ஏனென்றால் அந்தப் போருக்கு நன்றி சொல்ல முடியாது.

1944-ல் தாலினுக்குத் திரும்பினார். அவர் வளர்ந்த அரங்கம் அந்த வருடம் மார்ச் 9-ம் தேதி சோவியத் குண்டுவீச்சில் எரிந்திருந்தது. மறுபடி கட்டி முடிக்க 1947 ஆனது. ஒட்ஸ் முதலில் கோரஸில் நின்றார், அப்புறம் சின்னச் சின்ன வேடங்கள். சில வருடங்களில் சைக்கோவ்ஸ்கியின் ஓபராவில் நாயகன் ஒனேகினாக மேடையின் நடுவுக்கு வந்துவிட்டார். இதற்கிடையே இசைக் கல்லூரியில் டீட் கூசிக் என்ற பெரிய பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) பாடகரிடம் படித்து, 1951-ல் தேறினார். அதாவது, மேடையில் பெயர் வாங்கிய பிறகும் மாணவராகவே இருந்திருக்கிறார்.

அவர் ஏற்ற வேடங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ரூபின்ஸ்டைனின் ஓபராவில் காதலுக்காக ஏங்கும் அசுரன். மோட்சார்ட்டிடம் வந்தால் பறவை பிடிக்கும் வெகுளி பாபகேனோ, அவரே இன்னொரு நாள் டான் ஜியோவானி. வெர்டியிடம் காதில் விஷம் ஊற்றும் இயாகோ. கெர்ஷ்வினின் போர்கி. விருதுகளும் வந்தன. 1960-ல் சோவியத் மக்கள் கலைஞர் பட்டம், அதற்கு முன்னும் பின்னும் அரசுப் பரிசுகள். அவற்றை இங்கே அடுக்கப்போவதில்லை.

அவரைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது 1958-ல் வந்த 'மிஸ்டர் எக்ஸ்' படம். கால்மான் என்ற இசையமைப்பாளரின் சர்க்கஸ் ஓபரெட்டாவை, அதாவது லேசான இசை நாடகத்தை, லெனின்கிராடில் படமாக்கினார்கள். பிரபுக் குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் இழந்த ஒருவன், முகமூடி போட்டுக்கொண்டு சர்க்கஸில் வித்தை காட்டிப் பிழைக்கிறான். அவன் தனியாகப் பாடும் இடம் ஒன்று இருக்கிறது. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பாதி முகம் கறுப்பு முகமூடிக்குள். நடிகனுக்கு மிச்சம் இருப்பது கண்ணும் வாயும்தான். வேறு ஒருவராக இருந்தால் கையை வீசிச் சமாளித்திருப்பார். ஒட்ஸ் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறார். ஓபரா பாடகர்கள் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று வாயை அகலத் திறந்து பாடுவார்கள் அல்லவா? இவர் கேமரா பக்கத்தில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, பேசுகிற அளவுக்குத்தான் வாயைத் திறக்கிறார். ஆனால் குரல் முழுசாக வருகிறது. அவமானத்தை விழுங்கிய மனிதன் ஒருவன் அங்கே நிற்கிறான். சோவியத் யூனியன் முழுக்க ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் அந்த ஒரு பாட்டுக்காகவே இவரை மனசில் வைத்துக்கொண்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆகப் பெரிய சாதனை ஓபராவும் இல்லை, படமும் இல்லை. சுவர் வழியாக நான் கேட்ட அந்தப் பாட்டு. 'சாரேமா வால்ட்ஸ்' என்று பெயர். வால்ட்ஸ் என்பது மூன்று தட்டில் சுழன்று ஆடும் நடன இசை. ரைமொந்த் வால்கிரே மெட்டமைத்தது. வால்கிரே தன் காலத்தில் ஆட்சியாளர்களால் ஒதுக்கப்பட்டு, 1949-ம் வருடத்தின் கடைசி நாளன்று இறந்துபோனவர். வரிகள் தெபோரா வாரந்தி எழுதிய கவிதையிலிருந்து எடுத்தவை. அந்தக் கவிதை சாரேமா தீவின் சதுப்பு நிலத்தில் ஊர்கூடிச் செய்யும் வேலையைப் பற்றியது, சோவியத் காலத்துக்கு ஏற்ற பொருள். வால்கிரே அதிலிருந்து ஒரு கோடை இரவை மட்டும் பிரித்தெடுத்தார்: இருட்டாத வானம், புல்வெளி, சணல் நிறக் கூந்தலோடு சுழன்று ஆடும் பெண். 1949 மார்ச்சில்தான் எஸ்தோனியாவிலிருந்து இருபதாயிரம் பேருக்கு மேல் சைபீரியாவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அந்தக் காலகட்டத்தில் ஓர் இரவு நடனத்தைப் பற்றிய பாட்டு அந்த ஜனங்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒட்ஸ் இதை ஓபரா பாடகராகப் பாடவில்லை. குரலின் கனத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வருகிறார். ஆனால் கவனத்தை இறக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு, ஒவ்வொரு வரியின் முடிவிலும் அளந்த மூச்சு. மெல்லிசைதானே, எப்படியோ பாடிவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் ஓர் இடத்திலும் தெரியாது. வெர்டிக்குக் கொடுத்த மரியாதையை அப்படியே வால்கிரேவுக்கும் கொடுத்தார். பல துறை வித்தகர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் பலர் ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சில்லறையாகவும் நடத்துவார்கள். இவரிடம் அந்தத் தராசே இருந்ததில்லை. அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவர் பெயரைச் சொல்கிறேன்.

பின்லாந்துக்காரர்களிடம் கேட்டால் அவர் தங்கள் ஆள் என்பார்கள். தாலினுக்கும் ஹெல்சின்கிக்கும் நடுவில் எண்பது கிலோமீட்டர் கடல்தான், மொழிகளும் சொந்தக்கார மொழிகள். சோவியத் பாட்டு ஒன்றை, வாழ்க்கையே உன்னைக் காதலிக்கிறேன் என்று சொல்லும் பாட்டை, அவர் பின்னிஷ் மொழியில் பாடினார். அது அங்கே நிலைத்துவிட்டது, இன்றும் பலரும் பாடுகிறார்கள். எந்த மொழியில் பாடினாலும் அந்த மொழிக்காரர் பாடுவதுபோல இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர் அவர். ரஷ்யன், பின்னிஷ் இரண்டிலும் இதை நீங்களே கேட்டுப் பார்க்கலாம்.

அவர் சோவியத் அரசு கொண்டாடிய கலைஞர்தானே, அதில் சங்கடம் இல்லையா என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பட்டங்களை வாங்கிக்கொண்டார், அரசு விழாக்களில் பாடினார், அது உண்மை. ஆனால் அதே மனிதர்தான், ரஷ்ய மொழி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வந்த காலத்தில், எஸ்தோனியப் பாட்டை வீட்டுக்கு வீடு ஒலிக்கவும் வைத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2007-ல் பீட்டர் சிம் இயக்கத்தில் 'கெயோர்க்' என்று அவர் வாழ்க்கை படமாக வந்தது. ஒட்ஸாக நடித்தவர் மார்கோ மாத்வெரே, அவரும் நடிப்பு, பாட்டு இரண்டிலும் பெயர் எடுத்தவர்.

1971-ல் எஸ்தோனியா அரங்கில் 'லா மாஞ்சா மனிதன்' இசை நாடகத்தில் டான் கிஹோத்தேவாக நடித்தார். தோற்றுப்போவோம் என்று தெரிந்தும் ஈட்டியைத் தூக்கும் கிழவன். அடுத்த சில வருடங்களிலேயே மூளைக் கட்டி அவரைத் தின்றுவிட்டது. 1975 செப்டம்பர் 5-ம் தேதி தாலினில் காலமானார். அந்த நகரத்தின் காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பைன் மரங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த இடத்துக்கு ஒரு தடவை போய் வந்தேன்.

பிறகு அவர் பெயரில் ஒரு கப்பலும் ஓடியது. 1980-லிருந்து தாலினுக்கும் ஹெல்சின்கிக்கும் இடையே, அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு நீந்திய அதே வளைகுடாவில். 1986 அக்டோபரில் ரெய்க்யவிக்கில் கோர்பச்சேவும் ரீகனும் சந்தித்தபோது, சோவியத் தூதுக்குழு தங்குவதற்காகத் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த கப்பலும் அதுதான்.

கேட்க நினைப்பவர்கள் 'மிஸ்டர் எக்ஸ்' தனிப் பாட்டில் தொடங்குங்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அப்புறம் 'சாரேமா வால்ட்ஸ்', முதலில் எஸ்தோனிய மொழியில், பிறகு பின்னிஷில். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரிக்கு முன்னால் வரும் அந்த மூச்சு கேட்காது.