பைபிளின் எசேக்கியேல் நூல் 34-ஆம் அதிகாரத்தில் கடவுள் கண்டிக்கும் மேய்ப்பர்கள் யார்?

பலர் நினைப்பதுபோல மதகுருமார்கள் அல்ல. முதன்மையாக, எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டின் அரசர்கள், அவர்களோடு ஆட்சி நடத்திய தலைவர்கள். அன்றைய மேற்காசியாவில் அரசனை மேய்ப்பன் என்பது சாதாரண வழக்கம். பாபிலோனிய மன்னன் ஹமுராபி தன் சட்டத்தொகுப்பின் முன்னுரையில் தன்னையே அப்படித்தான் அழைத்துக்கொள்கிறான். அரசர்கள் பெருமையாகச் சூடிய அந்தப் பட்டத்தையே தீர்க்கதரிசிகள் குற்றப்பத்திரிகையாக மாற்றிவிட்டார்கள்.

கி.மு. 597-இல் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவர் எசேக்கியேல் தீர்க்கதரிசி. கி.மு. 586-இல் எருசலேம் விழுந்த செய்தி 33-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அடுத்த அதிகாரமே இந்தக் கண்டனம். கொழுப்பைத் தின்றார்கள், கம்பளியை உடுத்தினார்கள், கொழுத்ததை அடித்தார்கள். நோயுற்றதைக் குணமாக்கவில்லை, காலொடிந்ததற்குக் கட்டுப்போடவில்லை, தொலைந்ததைத் தேடவில்லை. தண்டனை? மந்தையைக் கடவுள் அவர்கள் கையிலிருந்து பறித்து, தானே மேய்க்கப்போவதாகச் சொல்கிறார்.

எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் 23-ஆம் அதிகாரமும் இதே குரல்தான். அதற்கு முந்தைய அதிகாரத்தில் யோயாக்கீம் அரசன் கூலி கொடுக்காமல் வேலை வாங்கி மாளிகை கட்டியதைப் பெயர் சொல்லியே சாடுகிறார். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம், எசேக்கியேல் அரசர்களோடு நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். கொழுத்த ஆடுகள், அதாவது மக்களுக்குள்ளேயே வலியவர்கள், மெலிந்தவற்றை முட்டித் தள்ளுகின்றன, மிச்சப் புல்லை மிதிக்கின்றன, தண்ணீரைக் கலக்குகின்றன. அவற்றுக்கும் தீர்ப்பு உண்டு. பலர் வாசிக்காமல் தாண்டிப்போகும் இந்தப் பகுதியைத்தான் (வசனம் 17 முதல் 22 வரை) நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அதன் பிறகே தாவீது அரசனின் வழியில் ஒரே மேய்ப்பன் வருவான் என்ற வாக்குறுதி வருகிறது.