வக்கீல் பதில்கள்: ஸ்டேஷனுக்குள்ள நடந்தத யார் வெளிய சொல்றது?

லாக்கப் சாவுகள் பத்தி போன இதழ்ல எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு, பாதிக்கு மேல ஒரே கேள்விதான், அதனால இந்த தடவை சொத்து தகராறு, செக் பவுன்ஸ் கேள்விகள எல்லாம் தள்ளி வெச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

சாத்தான்குளம் ஸ்டேஷன்ல அந்த அப்பாவையும் மகனையும் அடிச்சது சில பேர்தான். அன்னைக்கு ராத்திரி டூட்டியில இருந்த மத்தவங்க எல்லாம் எப்படி சார் ஒரே மாதிரி வாயை மூடிக்கிட்டாங்க? மேல இருந்து ஆர்டர் வந்திருக்குமா?
– வாசகர், கோவில்பட்டி

ஆர்டரே தேவையில்லங்க. நான் 20 வருஷமா மதுரையில கோர்ட்டுக்கு போய்ட்டு வரேன், அந்த அனுபவத்துல சொல்றேன், ஒரு ஸ்டேஷன்ல ஒருத்தரை அடிச்சுட்டாங்கன்னா அத மறைக்கறதுக்கு யாரும் கூடி உட்கார்ந்து பிளான் போட மாட்டாங்க, அவங்கவங்க டெய்லி பார்க்கற வேலையிலயே கொஞ்சம் கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா போதும், ஸ்டேஷன்ல எழுத்து வேலை பார்க்கற ரைட்டர், அன்னன்னைக்கு நடக்கறத பதியற ஜெனரல் டைரியில ஒரு வரியை மாத்தி எழுதுவார், பாரா டூட்டியில நின்னவர் நான் வாசல்ல இருந்தேன் உள்ள பார்க்கலம்பார், கூட்டிட்டு போன எஸ்கார்ட் போலீஸ் ஆஸ்பத்திரியில அவசரப்படுத்துவார், இப்படி பத்து பேர் பத்து சின்ன பொய் சொன்னா ஒரு கொலை காணாம போயிடும்.

சாத்தான்குளத்துலயே பாருங்க. 2020 ஜூன் 19 ராத்திரி, கொரோனா ஊரடங்கு நேரத்த தாண்டி செல்போன் கடைய திறந்து வெச்சிருந்தாங்கன்னு ஜெயராஜை ஸ்டேஷனுக்கு கொண்டு போனாங்க, பின்னாடியே போன மகன் பென்னிக்ஸையும் பிடிச்சு வெச்சாங்க. எஃப்.ஐ.ஆர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா, ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து திட்டி, உருண்டு புரண்டதால உள்காயம் ஆயிடுச்சுன்னு. ஆனா பக்கத்து கடை கேமராவுல பதிவானதுல அப்படி எதுவுமே இல்ல. விடிய விடிய அடிச்சிருக்காங்க, சிந்தின ரத்தத்தை அவங்களையே துடைக்க வெச்சாங்கன்னு சி.பி.ஐ குற்றப்பத்திரிகை சொல்லுது. மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில ரிமாண்ட் பண்ணலாம்னு சர்ட்டிபிகேட் கிடைச்சுது, மாஜிஸ்திரேட்டும் ரிமாண்ட் பண்ணாரு, கோவில்பட்டி கிளைச்சிறையில போய் அடைச்சாங்க. 22ஆம் தேதி ராத்திரி மகன் போயிட்டார், 23ஆம் தேதி காலையில அப்பா. நடுவுல எத்தனை கை மாறி போயிருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க, அதுல ஒரே ஒரு கை தடுத்திருந்தா ரெண்டு உயிர் இருந்திருக்கும், எனக்கு இன்னைக்கும் இத நினைச்சா ஆறல.

அப்புறம் நடந்ததுதான் உங்க கேள்விக்கு நேரடி பதில். ஐகோர்ட் மதுரை கிளையில நீதிபதிகள் பி.என்.பிரகாஷும் புகழேந்தியும் தாங்களாவே கேஸ் எடுத்து, கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன விசாரிக்க சொன்னாங்க. அவர் 28ஆம் தேதி ஸ்டேஷனுக்கே போனார். ஏ.டி.எஸ்.பி, டி.எஸ்.பி எல்லாம் அங்கதான் இருந்தாங்க, ஆனா கேட்ட ஆவணம் உடனே கைக்கு வரல, லத்திய கொடுங்கன்னா கொடுக்கல, விசாரணைய போலீஸே செல்போன்ல வீடியோ எடுத்தாங்க, ஒரு கான்ஸ்டபிள் மாஜிஸ்திரேட்டையே ஒருமையில கேவலமா பேசினார். சி.சி.டி.வி ஹார்டு டிஸ்க்ல தாராளமா இடம் இருந்தும் அன்னன்னைக்கு தானா அழியற மாதிரி செட்டிங் வெச்சிருந்தாங்க, அதனால 19ஆம் தேதி ராத்திரி நடந்ததுக்கு பதிவே இல்ல. நிலைமை எவ்ளோ மோசம்னா, தடயம் அழியாம இருக்கணும்னு அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறை கையில ஒப்படைக்க சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட வேண்டி வந்துச்சு, இப்படி ஒண்ண நாம அதுக்கு முன்னாடி கேள்விப்பட்டிருக்கோமா?

இத்தனை பேருக்கு நடுவுல ஒரே ஒருத்தங்க பேசினாங்க, ஹெட் கான்ஸ்டபிள் ரேவதி. ராத்திரி பூரா அடிச்சாங்க, லத்தியிலயும் டேபிள்லயும் ரத்தக்கறை இருக்கு, அழிக்கறதுக்குள்ள எடுத்துடுங்கன்னு சொன்னாங்க. சொல்லிட்டாங்களே தவிர கையெழுத்து போட பயந்தாங்க, வெளிய கூட வேலை பார்க்கறவங்களே மிரட்டற மாதிரி கூடி நின்னுக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் பயமா இருக்காது, பாதுகாப்பு உண்டுன்னு உறுதி கொடுத்த பிறகுதான் போட்டாங்க. அப்புறம் ஐகோர்ட்டே அவங்களுக்கு பாதுகாப்பு கொடுக்க சொல்லுச்சு. ஒரு போலீஸ்காரங்கள போலீஸ்கிட்ட இருந்து காப்பாத்த கோர்ட் உத்தரவு வேண்டியிருந்துச்சு, மத்தவங்க ஏன் பேசலன்னு கேட்டீங்களே, இதுதாங்க காரணம்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அந்த கேஸ்ல முதல் குற்றவாளியான இன்ஸ்பெக்டரே 2025 ஜூலையில, நான் அப்ரூவரா, அதாவது அரசு தரப்பு சாட்சியா மாறி உண்மைய சொல்றேன்னு மனு போட்டார், கோர்ட் ஏத்துக்கல. அஞ்சு வருஷம் கழிச்சு. அந்த அஞ்சு வருஷமும் அந்த குடும்பம் கோர்ட் வாசல்ல நின்னுச்சு.

ரௌடிக்கு மாவுக்கட்டு போட்டா உங்களுக்கு ஏன் சார் வலிக்குது? போலீஸ் கையை கட்டிப்போட்டா ஊர் நாறிடும்.
– வாசகர், திருச்சி

கோபமா கேட்டிருக்கீங்க, உங்க ஏரியாவுல என்ன கஷ்டம் பட்டீங்களோ, அத நான் குறைச்சு பேசல. ஆனா அந்த மாவுக்கட்டு போட்டோவ கொஞ்சம் நிதானமா பாருங்க, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு, பாலத்துல இருந்து குதிச்சாரு, எல்லாருக்கும் ஒரே கை ஒரே கால் உடையுது, இது பொய்னு எழுதறவருக்கு தெரியும், சர்ட்டிபிகேட் கொடுக்கற டாக்டருக்கு தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியும், தெரிஞ்சே கை தட்டறோம். ஒரு ஸ்டேஷன் ரைட்டர் பொய் எழுதி பழகறது இங்கதான். ரௌடிக்காக எழுதி பழகின அதே பேனாதான் ஜெயராஜ் பென்னிக்ஸ் உருண்டு புரண்டாங்கன்னு எழுதுச்சு, அவங்க கடை வெச்சு பிழைச்ச மனுஷங்க.

வீடியோ இல்லன்னா எந்த கேஸுமே நிக்காதா?
– வாசகி, சிவகங்கை

உங்க மாவட்டத்துலயே நடந்தத வெச்சு கேக்கறீங்கன்னு புரியுது. மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், 2025 ஜூன் 28, நகை காணோம்னு ஒரு புகாருக்காக தனிப்படை கொண்டு போய் அடிச்சே கொன்னாங்க. எஃப்.ஐ.ஆர்ல தப்பி ஓடப் பார்த்தப்ப விழுந்து வலிப்பு வந்துச்சுன்னு எழுதினாங்க. மறைவுல இருந்து ஒருத்தர் தைரியமா எடுத்த வீடியோவும், 40க்கு மேல வெளிக்காயம்னு வந்த போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் இல்லன்னா அந்த வலிப்பு கதைதான் இன்னைக்கும் நின்னிருக்கும்.

வீடியோ இல்லாமலும் நிக்கும், ஆனா கஷ்டம். 1995லயே ஷியாம்சுந்தர் திரிவேதி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இத சொல்லிருச்சு, லாக்கப் சாவுக்கு நேர்ல பார்த்த சாட்சி கிடைக்கறது அபூர்வம், போலீஸ்காரங்க சகோதர பாசத்துல வாய் திறக்க மாட்டாங்க, கூட வேலை பார்க்கறவரை காப்பாத்த உண்மையையே திரிப்பாங்க, அத புரிஞ்சுக்காம கீழ்க்கோர்ட்டுங்க கண்ணால பார்த்த சாட்சி எங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தா நியாயம் கிடைக்காதுன்னு. அதுக்கும் பத்து வருஷம் முன்னாடி, 1985ல, சட்ட கமிஷன் 113ஆவது அறிக்கையில ஒரு வழி சொல்லுச்சு, கஸ்டடியில இருக்கறப்ப காயம் பட்டா அத போலீஸ்தான் பண்ணுச்சுன்னு கோர்ட் அனுமானிக்கலாம், இல்லன்னு அவங்க நிரூபிக்கட்டும்னு சாட்சிய சட்டத்துல சேருங்கன்னு. இத்தனை வருஷத்துல எத்தனை அரசு மாறிடுச்சு, சேர்க்கல. இப்ப புது சாட்சிய சட்டமே கொண்டு வந்தாங்க, அதுலயும் இல்ல.

போலீஸ் மேல புகார் கொடுத்தா அது சுத்தி அதே ஆபீஸருக்கே விசாரணைக்கு வருது. வேற எங்க போறது?
– வாசகர், கடலூர்

நீங்க சொல்றது நிஜம். 2006ல பிரகாஷ் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், போலீஸ் மேல வர்ற புகார விசாரிக்க தனி ஆணையம் வைங்க, மாநில அளவுல ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில வைங்கன்னு சொல்லுச்சு. நம்ம மாநிலம் 2013ல சட்டம் போட்டுச்சு, ஆனா தலைவரா வெச்சது உள்துறை செயலாளர, கூட உறுப்பினரா டி.ஜி.பி. மாவட்டத்துல கலெக்டர் தலைவர், எஸ்.பி உறுப்பினர். யார் மேல புகாரோ அவங்க ஆளே பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தா ஜனங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும், இத மாத்துங்கன்னு எல்லா கட்சிக்காரங்ககிட்டயும் நாம கேட்டே ஆகணும்.

அதுவரைக்கும் உங்களுக்கு: எஸ்.பிக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க, ரசீதை பத்திரமா வைங்க. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும், அது தாண்டினா எடுக்க மாட்டாங்க, நிறைய பேர் இதுல கோட்டை விடறாங்க. ஸ்டேஷன் கேமரா பதிவ அழிக்காம வைக்க சொல்லி முதல் நாளே எழுத்துல கேளுங்க, குறைஞ்சது ஒரு வருஷம், முடிஞ்சா 18 மாசம் வெச்சிருக்கணும்னு 2020 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

அண்ணா, என் வீட்டுக்காரர் கான்ஸ்டபிள். அவர் ஸ்டேஷன்ல ஒரு பையன ரொம்ப அடிச்சுட்டாங்க, இவர் அடிக்கல, ஆனா பார்த்தார். பையன் ஆஸ்பத்திரியில இருக்கான், கீழ விழுந்தான்னு எழுதிட்டாங்க. இவர் ராத்திரி தூங்கறதில்ல. சொன்னா ஆயுதப்படைக்கு தூக்கி அடிப்பாங்க, குவார்ட்டர்ஸ காலி பண்ண சொல்வாங்கன்னு பயம். என்ன பண்றது?
– பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

தங்கச்சி, உங்க கடிதத்த மூணு தடவை படிச்சேன். உங்க வீட்டுக்காரர் தூங்கலன்னு எழுதியிருக்கீங்க, அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை வருதும்மா.

பயம் பொய்யில்ல. மெமோ வரும், 3(பி) சார்ஜ்னு துறை ஒழுங்கு நடவடிக்கை வரலாம், லீவு கிடைக்காது, பந்தோபஸ்துக்கு தூரமா போடுவாங்க, கேண்டீன்ல கூட உட்கார ஆள் வராது. சங்கம் வெச்சு கேக்கவும் போலீஸ்காரங்களுக்கு உரிமையில்ல. ஆனா பேசாம இருந்தா பத்திரம்னும் நினைக்காதீங்க, சாத்தான்குளம் கேஸ்ல குற்றவாளிக்கூண்டுல நின்னது இன்ஸ்பெக்டரும் எஸ்.ஐயும் மட்டுமில்ல, ஹெட் கான்ஸ்டபிளும் கான்ஸ்டபிள்களும் நின்னாங்க. ஒருத்தரை தண்டனையில இருந்து காப்பாத்த தப்பான ரெக்கார்டு எழுதறது தனி குற்றம், பழைய தண்டனை சட்டம் ஐ.பி.சியில 218, இப்ப புது சட்டம் பி.என்.எஸ்ல 256. அதனால முதல் வேலை, அந்த நாள் சம்பந்தமா எந்த பேப்பர்லயும் அவர் இனிமே கையெழுத்து போடக்கூடாது, ஏற்கனவே போட்டிருந்தா அத மறைக்காம வக்கீல்கிட்ட சொல்லணும்.

ரெண்டாவது, என்ன நேரம், யார் யார் டூட்டி, பையன எப்ப கொண்டு வந்தாங்க, எப்ப ஆஸ்பத்திரிக்கு போனாங்க, எல்லாத்தையும் ஞாபகம் இருக்கறப்பவே தன் கையால எழுதி வீட்டுக்கு வெளிய ஒரு நம்பிக்கையான இடத்துல வைக்க சொல்லுங்க. ஸ்டேஷன் போன்லயோ வாட்ஸ்அப் குரூப்லயோ ஒரு வார்த்தை வேண்டாம்.

சாட்சி சொல்லணும்னு முடிவு பண்ணினா, மேலதிகாரிகிட்ட வாக்குமூலம் கொடுக்க வேண்டாம், மாஜிஸ்திரேட் முன்னாடி கொடுக்க முடியுமான்னு பார்க்கணும், பழைய குற்றவியல் நடைமுறை சட்டத்துல பிரிவு 164, இப்ப புது சட்டம் பி.என்.எஸ்.எஸ்ல 183. சாட்சி பாதுகாப்பு திட்டம்னு 2018ல சுப்ரீம் கோர்ட் அங்கீகரிச்ச ஒண்ணு இருக்கு, மாவட்ட நீதிபதி தலைமையில கமிட்டி, ஆனா ஆபத்து இருக்கா இல்லையான்னு ரிப்போர்ட் கொடுக்கறது லோக்கல் டி.எஸ்.பிதான், இவர் விஷயத்துல அது சரிவராது, அதனால நேரா ஐகோர்ட் மதுரை கிளையில பாதுகாப்பு கேட்டு மனு போடறதுதான் நல்லது.

பையன் உயிரோட இருக்கறப்பவே சொல்றது வேற, அப்புறம் சொல்றது வேறம்மா. அவனுக்கு இப்ப எதுனால காயம்னு டாக்டருக்கு தெரிஞ்சாகணும், கீழ விழுந்தவனுக்கு பார்க்கற வைத்தியம் வேற, அடிபட்டவனுக்கு கிட்னிய பார்க்கணும், உள்காயத்த பார்க்கணும். நாளைக்கே இலவச சட்ட உதவி மையத்துக்கு நீங்க மட்டும் போங்க, மாவட்ட கோர்ட் வளாகத்துலயே இருக்கும், பேர் சொல்லாமலே முதல்ல விசாரிக்கலாம். இல்லன்னா ஆசிரியர் மூலமா என் நம்பர் வாங்கிக்கோங்க, ஞாயித்துக்கிழமையானாலும் எடுப்பேன்.