அரபிக்கடல் இழப்பதை வங்கக் கடல் ஏன் இழப்பதில்லை?

கேள்வி: அரபிக்கடலின் ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள நைட்ரஜன் சத்தை வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன என்றும், வங்கக் கடலில் அவ்வாறு நடப்பதில்லை என்றும் படித்தேன். ஒரே பருவக்காற்று வீசும் இரு கடல்களுக்கு இடையே இந்த வேறுபாடு ஏன்?

– வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: வங்கக் கடலில் ‘நடப்பதில்லை’ என்பதைவிட, நடப்பதற்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தும் தடைபட்டு நிற்கிறது என்பதே பொருத்தம்.

கடலின் மேற்பரப்பில் வாழும் தாவர மிதவை உயிரிகள் மடிந்து கீழே இறங்கும்போது, அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று ஓமான், சோமாலியா கரையோரங்களில் ஆழத்துச் சத்து நீரை மேலே கொண்டுவருவதால் மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றின் எச்சமும் அதற்கேற்பப் பெருகுகிறது. இதனால் சுமார் 150 மீட்டருக்குக் கீழே பல நூறு மீட்டர் தடிமனுள்ள நீரடுக்கில் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அப்போது ஆக்சிஜனுக்குப் பதிலாக, நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் சத்தான நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நைட்ரேட் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என்ற படிகளைக் கடந்து, இறுதியில் பெரும்பாலான உயிர்கள் நேரடியாகப் பயன்படுத்த இயலாத நைட்ரஜன் வாயுவாகவும் மாறுகிறது. இதுவே நைட்ரஜன் வெளியேற்றம். அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் இணைத்து அதே வாயுவை உண்டாக்கும் ‘அனமாக்ஸ்’ பாக்டீரியாக்களும் உண்டு.

வங்கக் கடலின் நிலை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகள் கொட்டும் நன்னீர் மேற்பரப்பில் மூடிபோல் பரவி, ஆழத்துச் சத்துகள் மேலேறுவதைக் குறைக்கிறது. ஆறுகள் கொணரும் வண்டல் துகள்களோடு ஒட்டிக்கொள்ளும் எச்சமும், இடையில் தங்கிச் சிதையாமல் விரைந்து அடியை அடைகிறது. ஆகவே ஆக்சிஜன் மிகவும் குறைந்தாலும் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை. வழக்கமான கருவிகள் சுழியம் என்றே காட்டிய இடங்களில், மிக நுண்ணிய உணரிகளைக் கொண்டு அளந்த ஆய்வாளர்கள் 10 முதல் 200 நானோமோலார் வரையிலான ஆக்சிஜனைக் கண்டு 2016-இல் அறிவித்தனர். மேற்பரப்பு நீரில் இருப்பதில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஆயினும் நைட்ரைட்டை மீண்டும் நைட்ரேட்டாக மாற்றும் வேறொரு பாக்டீரியாக் கூட்டத்துக்கு இந்தச் சொற்ப அளவே போதுமானது. அவை நைட்ரைட்டை முந்திக்கொண்டு எடுத்துவிடுவதால், வாயுவாக்கும் பாக்டீரியாக்களுக்கு மூலப்பொருள் கிடைப்பது அரிதாகிறது. இத்தனை பெரிய கடலின் சத்துக் கணக்கு இவ்வளவு சிறிய அளவைச் சார்ந்து நிற்பதை நான் வியப்போடும் கவலையோடும் பார்க்கிறேன்.

இழந்த நைட்ரஜனை ஈடுசெய்யும் உயிரிகளும் கடலில் இருக்கின்றன. அமைதியான வெயில் நாட்களில் மரத்தூள் தூவியதுபோல் நீர்மேல் மிதக்கும் டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சை பாக்டீரியா, கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவை அம்மோனியமாக மாற்றித் தருகிறது. அது இந்த இரு கடல்களிலும் காணப்படுகிறது.

ஆனால் வயல்களில் இடும் உரத்தின் மிச்சத்தை ஆறுகள் மேலும் மேலும் கொண்டுவந்து சேர்த்தால், வங்கக் கடலில் மிதவை உயிரிகள் பெருகி, எஞ்சியுள்ள அந்த ஆக்சிஜனும் செலவாகிவிடலாம். வெளியேற்றத்துக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் அங்கே ஏற்கெனவே வாழ்வதால், புதிதாக எதுவும் வந்து சேர வேண்டியதில்லை.