மேட்டரும் ஆளும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாகக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறேன். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் உண்டு. பிள்ளையார் போட்ட கார்டும் அடிப்போம், பிஸ்மில்லா போட்டதும் அடிப்போம், சிலுவை போட்டதும் அடிப்போம்.

போன மாதம் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஆல்பத்தைப் புரட்டி ஒரு மரூன் கார்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றைம்பது கார்டு. தை கடைசியில் ஒரு சின்ன ஹாலில் விசேஷம் என்றார்கள். நானும் போன் நம்பரை எழுதிக்கொண்டு மேட்டரை, அதாவது கார்டில் அச்சிட வேண்டிய வாசகத்தைக் கேட்டேன். அதில் ஒருவர், சேலம் பக்கத்துப் பையன், நாலாக மடித்த பேப்பரைக் கொடுத்தார். பாட்டிக்கு இங்கிலீஷ் வராது, அதனால் தமிழில் வேண்டும் என்றார். படித்தபோதுதான் இரண்டும் ஆண் பெயர் என்று புரிந்தது. மிஷின் ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான் தினமும் பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டுக் கடை திறக்கிறவன். மனசு ஒப்பவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்ற யோசனையும் இருந்தது. காலேஜில் படிக்கும் என் மகள், நீங்கள் செய்தது சட்டப்படி தப்பு என்கிறாள். நெட்டில் தேடினால், அமெரிக்காவில் கேக் கடைக்காரரும் வெப்சைட் செய்யும் அம்மாவும் சுப்ரீம் கோர்ட் வரை போய் ஜெயித்திருக்கிறார்கள். மத நம்பிக்கைக்காக மறுக்கலாம் என்று அங்கே சட்டமே இருக்கிறதாம். இங்கே அப்படி ஏன் இல்லை? சட்டமே ஏற்காத கல்யாணத்துக்கு நான் ஏன் பத்திரிகை அடிக்க வேண்டும்?

கி., பெங்களூரு

அன்புள்ள கி. அவர்களுக்கு,

உங்கள் மகள் சொன்னது பாதி சரி. நீங்கள் நெட்டில் படித்தது கால்வாசி சரி. முதலில் அந்தக் கால்வாசியைப் பார்த்துவிடுவோம்.

கேக் கடை வழக்கு 2012-ல் ஆரம்பித்தது. கொலராடோ மாநிலத்தில் லேக்வுட் என்ற ஊர். இரண்டு ஆண்கள் தங்கள் கல்யாணத்துக்கு கேக் கேட்டுப் போனார்கள். என் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஒவ்வாது என்றார் கடைக்காரர் ஜாக் ஃபிலிப்ஸ். கேக் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சே வரவில்லை, அதற்கு முன்பே மறுத்துவிட்டார். 2018 ஜூனில் ஏழு நீதிபதிகள் அவர் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். ஜெயித்தார், உண்மைதான். ஆனால் ஏன் ஜெயித்தார்? புகாரை விசாரித்த மாநில ஆணையம் அவர் மதத்தை மட்டமாகப் பேசியது, நடுநிலையாக நடந்துகொள்ளவில்லை என்பதற்காக. கடை திறந்து வைத்திருப்பவர் ஆள் பார்த்துத் திருப்பி அனுப்பலாம் என்று அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை. மத ஆட்சேபம் இருந்தாலும் பொதுவாக அப்படிச் செய்ய முடியாது என்றுதான் இருக்கிறது.

வெப்சைட் வழக்கு 2023-ல் வந்தது. அது வேறு ரகம். ஆறுக்கு மூன்று. அந்த அம்மாவிடம் எந்த ஜோடியும் போய் மறுப்பு வாங்கிக்கொண்டு வரவில்லை. கல்யாண வெப்சைட் தொழிலை இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறேன், அப்போது என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று முன்கூட்டியே கோர்ட்டுக்குப் போனவர் அவர். கோர்ட்டும் மதத்தைத் தொடவில்லை, பேச்சுரிமையைத்தான் பிடித்துக்கொண்டது. வெப்சைட் என்பது அவருடைய பேச்சு, ஒருவர் வாயில் அரசாங்கம் வார்த்தையைத் திணிக்கக் கூடாது என்றது. உங்களுக்கு உதவுமென்றால் இந்தத் தீர்ப்புதான் உதவும். திரும்ப வருகிறேன்.

நீங்கள் கேட்ட சட்டம் இருக்கிறது. மிசிசிப்பி 2016-ல் போட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் கல்யாணம் என்று மதப்படி நம்புகிறவர் கேக், பூ, போட்டோ, ஹால் என்று எதையும் மறுக்கலாம், அரசு தண்டிக்காது. அரிசோனாவில் 2014-ல் இதே மாதிரி ஒரு மசோதா சட்டசபையில் நிறைவேறியது. ஆளுநர் ஜேன் புரூவர் கையெழுத்துப் போட மறுத்தார். இண்டியானாவில் 2015-ல் ஒன்று வந்தது. பெரிய கம்பெனிகள் எல்லாம் முறைத்துக்கொண்டதும் அவசர அவசரமாகத் திருத்தினார்கள். ஆக, அங்கேயே அது ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம் இல்லை.

இன்னொரு பழைய வழக்கையும் பாருங்கள். தென் கரோலினாவில் ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளி, கறுப்பர்களைக் கடைக்குள் உட்கார வைத்துப் பரிமாறுவது என் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று வாதாடினார். 1968-ல் அதே சுப்ரீம் கோர்ட் அதை அற்பமான வாதம் என்று ஒரு அடிக்குறிப்பில் தள்ளிவிட்டது. அவரும் உங்களைப் போல மனதார நம்பியிருக்கலாம். நம்பவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, உங்கள் கடைக்கு வருகிறேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எதை அச்சிடுவது என்பதில் உங்களுக்கு ஒரு பாத்தியதை உண்டு. உங்கள் சாமியைத் திட்டி நோட்டீஸ் அடிக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். உங்கள் பக்கம்தான் நிற்பேன். பெல்ஃபாஸ்டில் ஒரு பேக்கரி இப்படித்தான் ஜெயித்தது. ஓரினத் திருமணத்தை ஆதரியுங்கள் என்று கேக் மேல் எழுதித் தரச் சொன்னார் ஒருவர். பேக்கரி மறுத்தது. மறுத்தது வாசகத்தை, ஆளை இல்லை, வேறு யார் அதைக் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள் என்று பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபரில் சொன்னது. அதே கோர்ட்தான் 2013-ல், இரண்டு ஆண்களுக்கு டபுள் ரூம் தர மறுத்த விடுதிக்காரர்களைத் தோற்கடித்தது. ரூமில் என்ன வாசகம் இருக்கிறது?

உங்கள் பாஷையில் சொன்னால், மேட்டரை மறுப்பது ஒன்று, ஆளை மறுப்பது ஒன்று.

இப்போது அந்த நாலாக மடித்த பேப்பரில் என்ன இருந்திருக்கும்? இரண்டு பெயர், பெற்றோர் பெயர், நாள், நேரம், இடம், தங்கள் நல்வரவை விரும்பும் இன்னார். திருவளர்ச்செல்வன் என்பது இரண்டு தடவை வந்திருக்கும், திருவளர்ச்செல்வி வந்திருக்காது. பாட்டி பெயரையும் போட்டிருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இதில் எந்த வரி உங்கள் சாமிக்கு விரோதம்? தினமும் பத்துப் பேருக்கு அடிக்கிற அதே வரிகள். பிஸ்மில்லா போட்டு அடித்ததால் உங்களை யாரும் முஸ்லிம் என்று எண்ணுவதில்லை. சிலுவை போட்டதால் ஞானஸ்நானம் வாங்கியதாகவும் எண்ணுவதில்லை. வெப்சைட் வழக்கில் தீர்ப்பு சொன்ன அமெரிக்க நீதிபதிகளோடு எனக்கு இந்த இடத்தில்தான் தகராறு. கல்யாணப் பத்திரிகை அழைக்கிறவரின் பேச்சு. அடிக்கிறவரின் பேச்சு அட்டையின் பின்பக்கம் ஓரத்தில், பொடி எழுத்தில், கடைப் பெயரும் போன் நம்பருமாக இருக்கிறதே, அதுதான்.

சட்டமே ஏற்காத கல்யாணம் என்றீர்கள். உண்மை. ஓரின உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த 377-ஆம் பிரிவின் கத்தி 2018 செப்டம்பர் 6 அன்று நம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் விலகியது. 2023 அக்டோபர் 17 அன்று, திருமண உரிமையை எங்களால் தர முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஐந்து நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். ஆனால் சட்டம் ஏற்காதது வேறு, தடுப்பது வேறு. ஹால் எடுத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, நாங்கள் சேர்ந்து வாழப் போகிறோம் என்று சொல்வதில் குற்றம் எதுவும் இல்லை. சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் இல்லை, ஹோமம் இல்லை, எனவே செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. 1967-ல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அது செல்லுபடியானது, பழைய கல்யாணங்களுக்கும் சேர்த்து. அதுவரை நாற்பது வருடம் அந்தக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை யார் அடித்தார்கள்? உங்களைப் போல ஒரு அச்சுக்கடைக்காரர்தான். அவர்களில் விளக்கேற்றிக் கடை திறந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

மகள் சொன்னதில் சரியான பாதி இது. அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணத்துக்காகக் கடைக்குள்ளோ ஓட்டலுக்குள்ளோ யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. கடை என்றால் என்ன என்று அரசியல் நிர்ணய சபையில் கேட்டார்கள். 1948 நவம்பர் 29 அன்று அம்பேத்கர் பதில் சொன்னார்: நாடி வருகிற யாருக்கும் தன் சேவையைத் தரத் தயாராக ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான் கடை. அந்தப் பிரிவில் பால் என்பது பாலின ஈர்ப்பையும் சேர்த்துத்தான் என்று 377 பற்றிய 2018 தீர்ப்பிலேயே நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். மறுபாதி என்னவென்றால், தீண்டாமைக்காகப் பொருளோ சேவையோ மறுத்தால் 1955-ஆம் வருடச் சட்டத்தில் ஜெயில் உண்டு. திருநங்கைகளுக்கு 2019-ல் ஒரு சட்டம் வந்தது. இந்தப் பையன்களுக்கென்று அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை. போலீஸ் உங்கள் கடைக்கு வராது. பயப்படாதீர்கள்.

அதனால் சட்டத்தை விட்டுவிட்டு என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

வட ஆற்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் எங்கள் தெரு ஆட்களுக்கு முடி வெட்டமாட்டார்கள். வெட்டினால் சாமி குத்தம். வீட்டுத் திண்ணையில் தாத்தாதான் அப்பாவுக்கு வெட்டிவிடுவார். அப்பா பத்தொன்பது வயதில் ரயிலேறி பெங்களூரு வந்தார். மூன்றாம் நாள் அல்சூரில் ஒரு சலூன் வாசலில் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து, ஏம்ப்பா, உள்ள வா என்று குரல். கடைக்காரரும் எங்கள் பக்கத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிந்துவிட்டதாம். சுழல் நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார். எந்தத் தெரு என்ற கேள்விக்குக் காத்துக்கொண்டிருந்தார். கத்திரி ஒரு நொடி நின்றது. அப்புறம், கிருதா வைக்கவா எடுக்கவா என்றார் அவர். அப்பா கடைசி வரை எல்லோரிடமும் சொன்ன கதை இது. சொல்லும்போது காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டுவார்.

ஊரில் வெட்ட மறுத்தவரும் கெட்டவர் இல்லை என்றும் அப்பா சொல்வார். எங்களுக்கு வெட்டியிருந்தால் மேலத்தெருவில் அவர் பிழைப்பு போயிருக்கும். சாமி பெயர் முன்னால் நின்றது, பயம் பின்னால் நின்றது. உங்கள் கடிதத்திலும் பிள்ளையாருக்கு அடுத்த வரியில் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள், கவனித்தீர்களா? பிள்ளையார் மட்டும்தான் காரணம் என்றால் அந்தப் பையன்களிடம் அதையே சொல்லியிருப்பீர்கள். மிஷின் ரிப்பேர் என்று சொல்லியிருக்கமாட்டீர்கள்.

போன் நம்பர் உங்கள் ஆர்டர் புத்தகத்தில் இருக்கிறது. தை கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, நூற்றைம்பது கார்டு உங்களுக்கு இரண்டு நாள் வேலை. வேறு கடையில் கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லலாம், கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால், மிஷின் சரியாகிவிட்டது என்று சொல்லுங்கள். மூலையில் மஞ்சள் வைத்துத் தருவதா வேண்டாமா என்பதை ப்ரூஃப் பார்க்க வரும்போது அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்.