நவம்பரில் பெரு பயணம்: சர்க்கரையும் பிபியும் உள்ளவர் எதற்குத் தயாராக வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 61. பத்து வருடமாகச் சர்க்கரையும் பிபியும் இருக்கின்றன. மெட்ஃபார்மின் 500 இரு வேளை, டாபாகிளிஃப்ளோசின் 10, டெல்மிசார்ட்டான் 40 சாப்பிடுகிறேன். ஹெச்பிஏ1சி 7.2. மனைவிக்கு 56. அவருக்கு நோய் எதுவும் இல்லை. முன்பு ஒருமுறை சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. நவம்பர் இரண்டாம் வாரம் பெரு போகிறோம். லிமாவில் ஓர் இரவு, மறுநாள் காலை விமானத்தில் குஸ்கோ, அன்று மதியமே ஊர் சுற்றல், அடுத்த நாள் வானவில் மலை, பிறகு புனிதப் பள்ளத்தாக்கு, மச்சு பிச்சு, கடைசியாக புவேர்ட்டோ மால்டொனாடோ காட்டில் இரண்டு இரவு. நவம்பர் அங்கே வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மாதம் என்கிறார்கள். சளி, காய்ச்சல் வராமலிருக்க என்ன மருந்து எடுத்துப் போகலாம்? – வாசகர், ஈரோடு.

பதில்: சளிக்கு மருந்து கடைசியில் சொல்கிறேன், அது சின்ன விஷயம். உங்கள் கடிதத்தில் மழையைவிடக் கவலை தருவது பயண வரிசை.

முதலில் அந்த மாதத்தைப் பார்ப்போம். பெருவின் மலைப்பகுதியில் மே முதல் செப்டம்பர் வரை வறட்சி, டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல மழை. நவம்பர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதம். குஸ்கோவில் காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு சில்லென்று மழை கொட்டும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். ராத்திரி 6, 7 டிகிரிக்கு இறங்கிவிடும். லிமாவில் அப்போதுதான் கடல்மூட்டம் விலகத் தொடங்கியிருக்கும். காட்டுக்குப் போனால் 30 டிகிரிக்கு மேல் புழுக்கம்.

இப்படிப்பட்ட மாதத்தில் தலைவலித்தால் வெயில், இருமினால் மழை, வாந்தி வந்தால் ஓட்டல் சாப்பாடு என்று காரணம் தயாராகக் கையில் இருக்கும். 'சீதோஷ்ணம் ஒத்துக்கலை' என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு வண்டி ஏறிவிடுவோம். ஆனால் தலைவலி, வாந்தி, இருமல் மூன்றும் உயரத்தால் வரும் நோயின் அறிகுறிகளும்கூட. பெருவில் அதைச் 'சொரொச்சே' என்பார்கள்.

நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர். கடல் மட்டத்திலிருக்கும் லிமாவில் தூங்கி எழுந்து, ஒன்றேகால் மணி நேர விமானத்தில் அங்கே இறங்குகிறீர்கள். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மறுநாளே போகத் திட்டமிட்டிருக்கும் வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல்; அங்கே கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உடம்பு இதற்குப் பழகச் சில நாட்களாவது வேண்டும். உங்கள் திட்டம் கொடுத்திருப்பது ஓர் இரவு.

வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல், நேராக வண்டி பிடித்துப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபம்பா சுமார் 2,870 மீட்டர், ஒயாந்தாய்தாம்போ சுமார் 2,790 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் சாப்பாடு, சின்ன நடை, தூக்கம், அவ்வளவுதான். பிறகு ஒயாந்தாய்தாம்போவிலிருந்து ரயிலில் மச்சு பிச்சு. அது 2,430 மீட்டர்தான். படத்தில் பார்த்து மிரள்கிற அந்த இடம் தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. அடிவார ஊரான அகுவாஸ் காலியென்தேஸ் இன்னும் கீழே, ஏறக்குறைய 2,040. அங்கே ஓர் இரவு. அதற்கப்புறம் குஸ்கோவில் இரண்டு இரவு தங்கினால் உடம்பு ஏற்கெனவே பாதி பழகியிருக்கும். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதுதான் மலையேற்ற மருத்துவத்தின் அடிப்படைக் கணக்கு. வானவில் மலையை விட்டுவிடுங்கள். நவம்பரில் மேகம் மூடினால் அங்கே வண்ணமும் தெரியாது, சேறுதான் மிச்சம்.

உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைடு பற்றிப் பயண ஏஜென்ட் சொல்லியிருப்பார். பழைய வரிசையில் போவதானால் அது தேவைப்பட்டிருக்கும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம் காலை, இரவு. நம்மூரில் கிடைப்பது 250 மாத்திரை, அதில் பாதி. மேலே ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி, போய்ச் சேர்ந்தபின் இரண்டு நாள் வரை. விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருக்கும், சிறுநீர் அதிகம் போகும், சோடா சப்பென்று ருசிக்கும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை, கூடவே தண்ணீரும் போகும். டயமாக்ஸும் நீரை வெளியேற்றி ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும். பசியில்லாமல் சாப்பாடு குறைந்து உடம்பு வறண்டிருக்கும்போது டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு, உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் கீட்டோ அமிலம் ஏறலாம். இதில் மோசம் என்னவென்றால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை பயப்படும்படி ஏறாமல் 180, 200 என்றே காட்டும். குமட்டல், சோர்வு, வேகமான மூச்சு எல்லாம் இருக்கும். பார்ப்பவர் உயரத்தால் வந்தது என்றே நினைப்பார். அதனால் பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மலையில் இருக்கும் நாட்களுக்கு டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவைத்து வேறு மாத்திரை தரலாமா என்று உங்கள் சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை ஒரு டப்பா வாங்கிப் பையில் வையுங்கள். வரிசையை மாற்றிக்கொண்டால் உங்களுக்கு டயமாக்ஸ் இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் கருத்து.

டயமாக்ஸும் சல்ஃபா வகை மருந்துதான். அதனால் மனைவிக்கு அன்று வந்தது வெறும் தடிப்பா, அல்லது கொப்புளம், வாய்ப்புண், மூச்சுத்திணறல் வரை போனதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பின்னதென்றால் டயமாக்ஸ் அவருக்கு வேண்டவே வேண்டாம். வெறும் தடிப்பு என்றாலும் வெளிநாட்டில் போய் முதல்முறை விழுங்கிப் பார்க்க வேண்டாம். மெதுவாக ஏறுவதுதான் அவருக்கு மருந்து. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை யாராவது உங்களுக்குச் சிபாரிசு செய்தால் ஒதுக்குங்கள், சர்க்கரை எங்கோ போய்விடும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை எடுத்துப் போங்கள், ஆனால் கொரோனா காலத்து எண்களை மறந்துவிடுங்கள். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்ற கணக்கு குஸ்கோவில் செல்லாது. நன்றாக இருப்பவருக்கே அங்கே 85 முதல் 92 வரை காட்டும். விரலைச் சூடாகத் தேய்த்து, உட்கார்ந்து இரண்டு நிமிடம் கழித்து இருவரும் பாருங்கள். ஒருவருக்கு 89, மற்றவருக்கு 76 என்று பெரிய இடைவெளி இருந்தால்தான் அது சேதி.

ராத்திரியில் உங்களில் ஒருவர் மற்றவரை எழுப்பிப் பயப்படப் போவது நிச்சயம். தூங்குபவரின் மூச்சு பத்து நொடி நின்றாற்போல் அடங்கி, பிறகு நாலைந்து முறை வேகமாக வாங்கி, மறுபடி அடங்கும். உயரத்தில் இது இயல்பு. தூக்கம் சரியில்லை என்று அல்பிரசோலம் வகை மாத்திரை போட்டால்தான் ஆபத்து, அது மூச்சை அமுக்கும். முதல் இரண்டு நாள் பிஸ்கோ என்ற அவ்வூர் மதுவும் வேண்டாம்.

தலைவலியோடு குமட்டல், அசதி, கிறுகிறுப்பு இருந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை அதை உயர நோயாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தொடங்கும். பாரசிட்டமால் போட்டு ஓய்வெடுங்கள், மேலே ஏறாதீர்கள். ஒரு நாளில் தணிந்துவிடும். தணியாமல் கூடினால் கீழே இறங்குங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், படுத்தால் இருமல் கூடினால் அது மழைச்சளி இல்லை, நுரையீரலில் நீர் கோர்க்கிறது. பெரும்பாலும் இரண்டாம் இரவு வாக்கில் தலைகாட்டும். தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால் மூளையில் வீக்கம். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆக்சிஜன், உடனே கீழே இறங்குவது, ஆஸ்பத்திரி. பெருவில் ஆம்புலன்ஸ் எண் 106. ஓட்டல் வரவேற்பில் சொல்லுங்கள், குஸ்கோவில் பல ஓட்டல்களில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பார்கள்.

ஓட்டலில் நுழைந்ததும் கோகா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது சட்டப்படி சரி, ஒன்றிரண்டு கோப்பை குடிக்கலாம். உயர நோயை அது தடுக்கும் என்று நம்பிவிட வேண்டாம். இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்கு எடுத்து வராதீர்கள், இந்தியாவில் அது போதைப்பொருள் வழக்கு. மருந்துக்கடையில் விற்கும் சொரொச்சே மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்பிரினும் கஃபீனும்தான். பிபி மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு அவை தேவையில்லை. கைலாய யாத்திரைக்காரர்கள் போலக் கற்பூரத்தை மோந்துகொண்டே இருப்பதும் ஆக்சிஜனைக் கூட்டாது.

வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரி என்றால், குஸ்கோ தெற்கே பதின்மூன்றரை. நமக்கு ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவதுபோல அவர்களுக்கு அக்டோபர் கடைசியில் வரும். நீங்கள் போவது அதற்கு இரண்டு வாரம் கழித்து. ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதாக்கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். காற்று குளிர்ந்திருப்பதால் சுடுவதே தெரியாது, மேகம் இருந்தாலும் கதிர் இறங்கும். மாலையில் மூக்கும் காதுநுனியும் தோலுரியும். எஸ்பிஎஃப் 50 களிம்பை முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, இரண்டு மணிக்கொருமுறை தடவுங்கள். மூக்கின் அடிப்புறம், உதடு, வகிடு மூன்றையும் மறக்க வேண்டாம். காட்டில் முதலில் வெயில் களிம்பு, அது காய்ந்தபின் கொசு மருந்து. கொசு மருந்தில் டீட் 20 முதல் 30 சதவீதம் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். காட்டில் டெங்கு உண்டு. மலேரியா மாத்திரை வேண்டுமா என்பதை நீங்கள் தங்கும் விடுதி எங்கே என்று சொல்லித் தடுப்பூசி மையத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மழையைப் பொறுத்தவரை உங்களுக்கு ஆபத்து நெஞ்சில் இல்லை, காலில். மச்சு பிச்சுவின் கல்படிகள் உயரம் சீராக இல்லாதவை, நனைந்தால் வழுக்கும். ஈரமான காலுறையோடு மூன்று மணி நேரம் ஏறி இறங்கினால் குதிகாலில் கொப்புளம் வரும். பத்து வருடச் சர்க்கரையில் காலின் உணர்வு கொஞ்சம் மந்தமாகியிருந்தால் அது உடைவதுவரை தெரியாது. போகுமுன் கால் உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புதுக் காலணியை இங்கேயே நான்கு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள். முதுகுப்பையில் எப்போதும் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை, கம்பளி அல்லது செயற்கை இழையில். பருத்தி நனைந்தால் காயாது. குடையைவிட இடுப்புக்குக் கீழே வரும் மழைக்கோட்டு மேல். இரவில் வெளிச்சத்தில் உங்கள் பாதத்தைப் பார்க்க மனைவியிடம் சொல்லுங்கள்.

பிபி முதல் சில நாள் 10, 15 கூடுதலாகக் காட்டலாம். தானாக இறங்கும், மாத்திரையைக் கூட்ட வேண்டாம். மேல் அளவு 180-ஐ எட்டினாலோ, நெஞ்சுவலி வந்தாலோ டாக்டரைப் பாருங்கள். குளுக்கோமீட்டர் குளிரிலும் உயரத்திலும் தவறாகக் காட்டக்கூடும், சட்டையின் உள்பையில் வையுங்கள். அங்கே கிடைக்கும் கினோவா தானியம் சத்தானதுதான், ஆனாலும் சர்க்கரைக் கணக்கில் அது சோறு மாதிரியே.

குழாய்த் தண்ணீர் எங்கும் வேண்டாம். குஸ்கோவில் தண்ணீர் 89 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். நீங்களே காய்ச்சுவதானால் கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடுங்கள். பச்சை மீனில் செய்யும் செவிச்சே உங்களுக்கு வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ். நிற்காமல் போனால் அல்லது வாந்தி எடுத்தால் மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டான், டாபாகிளிஃப்ளோசின் மூன்றையும் நிறுத்திவிட்டு ஊர் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

இனி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. குஸ்கோ, மச்சு பிச்சுவுக்கு அது மருத்துவரீதியில் தேவையில்லை. புவேர்ட்டோ மால்டொனாடோவுக்குத் தேவை. ஆனால் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் பெரு முழுவதும் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இங்கே இறங்கினால் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்த முடியும். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும்; பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியபின் முதல் டோஸ் போடுபவர்களுக்குக் கடுமையான பின்விளைவு அரிதுதான், ஆனாலும் இளையவர்களைவிடக் கூடுதல். நீங்கள் அந்தக் கோட்டை இப்போதுதான் தாண்டியிருக்கிறீர்கள். முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எதுவும் இல்லையென்றால், காட்டுக்குப் போவதானால் போட்டுக்கொள்வதே சரி என்பேன். அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் இருக்கும், அது பிபியை ஏற்றும். உங்களுக்குப் பாரசிட்டமால் 650, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, லெவோசெட்ரிசின் போதும். வழக்கமான மாத்திரைகளைப் பயண நாட்களுக்குத் தேவையானதைப் போல இரு மடங்கு வாங்கிக்கொண்டு, பாதியைக் கைப்பையிலும் பாதியை மனைவியின் பையிலும் வையுங்கள். மருந்துச்சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும். திரும்பி வந்தபின் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே பெருவில் காட்டுப்பகுதியில் தங்கியிருந்ததைச் சொல்லிவிடுங்கள்.