விசேஷத்துக்காக பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது? அடிக்கடி போடலாமா?

மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். கல்யாண மாதங்களிலும் ஆடித் திருவிழா சமயத்திலும் இந்த மாத்திரையைக் கேட்டு ஆள் வராத நாள் குறைவு. பெண்கள் நேரில் வந்தால், கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, "அக்கா, தள்ளிப்போற மாத்திரை" என்பார்கள். தம்பியை அனுப்பினால் அவன் வாயே திறக்காமல் போனில் வந்த மெசேஜை நீட்டுவான். மருந்தின் பெயர் நோரெத்திஸ்டிரோன். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்று சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வெளியே வர வேண்டிய கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடாதா?" என்பது. தங்காது. அது கெட்ட ரத்தமும் இல்லை, உள்ளே எங்கும் தேங்கி நிற்பதும் இல்லை. இது புரிய, மாதாமாதம் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். எஃப்.எஸ்.எச். தூண்டியதும் சினைப்பையில் சில முட்டைப் பைகள் வளர ஆரம்பிக்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிக்கும். ஈஸ்ட்ரோஜன் அளவு உயர்ந்து இரண்டு நாள் போல அப்படியே நின்றால், அதுவரை பிட்யூட்டரியை அடக்கி வைத்திருந்த அதே ஹார்மோன் இப்போது அதை உசுப்பிவிடும். எல்.எச். ஒரேயடியாக ஏறும். அதிலிருந்து ஒன்றரை நாளில் கருமுட்டை வெளியேறும்.

முட்டை போன பிறகு மிஞ்சும் கூட்டுக்கு கார்பஸ் லூட்டியம் என்று பெயர். அதன் வேலை புரோஜெஸ்டிரோன் சுரப்பது. தடித்த சவ்வைப் பக்குவப்படுத்திக் கட்டிக்காப்பது இந்த புரோஜெஸ்டிரோன்தான். கரு தங்காவிட்டால் கார்பஸ் லூட்டியத்தின் ஆயுள் ஏறக்குறைய 14 நாள். அது சுருங்கியதும் புரோஜெஸ்டிரோன் சரசரவென்று இறங்கும், பீரியட்ஸ் வரும். எந்த ஹார்மோனும் வந்து ரத்தப்போக்கைத் தொடங்கிவைப்பதில்லை. இருந்த ஹார்மோன் விலகுவதால்தான் அது தொடங்குகிறது. கேள்விக்கான பதில் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்தே எழுதிய ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த ஆய்வாளர் மார்க்கீ, ரீசஸ் குரங்குகளின் கர்ப்பப்பைச் சவ்வில் துளித்துளியாக எடுத்து, அதே குரங்குகளின் கண்ணுக்குள், முன்பக்கம் இருக்கும் நீர் அறையில் வைத்தார். படிக்கவே ஒரு மாதிரி இருக்கும்தான். ஆனால் அந்தத் துண்டுகள் அங்கே ஒட்டி வளர்ந்து, கர்ப்பப்பையில் நடப்பது போலவே மாத சுழற்சியோடு சேர்ந்து ரத்தம் கசிந்தன. கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல எல்லாவற்றையும் பார்த்து 1940-ல் எழுதினார். ஹார்மோன் இறங்கியதும் சவ்வு சுருங்கும், அதிலிருக்கும் சுருள் சுருளான ரத்தக் குழாய்கள் இன்னும் நெருக்கமாகச் சுருண்டு ஓட்டம் குறையும். ரத்தம் கசிவதற்குச் சில மணி நேரம் முன்பே அந்தக் குழாய்கள் இறுகிவிடும். ஓட்டம் இல்லாத திசு நலிந்து உதிரும். அந்த நேரத்தில் ஊறும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் கர்ப்பப்பைத் தசையைப் பிழிவதுதான் வயிற்றுவலி. மெஃபனமிக் ஆசிட் மாத்திரை வலிக்குக் கேட்பது, அது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதால்.

இனி நம் மாத்திரை. நோரெத்திஸ்டிரோன் என்பது புரோஜெஸ்டிரோனின் வேலையைச் செய்யும் செயற்கை மருந்து. 1951-ல் மெக்சிகோ நகரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் உருவானது. இயற்கை புரோஜெஸ்டிரோனை வாய்வழி கொடுத்தால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், இது தாக்குப்பிடிக்கும். நீங்கள் மாத்திரை போட்டாலும் கார்பஸ் லூட்டியம் தன் நாளில் சுருங்கத்தான் செய்யும். ஆனால் சவ்வுக்கு அது தெரியாது. மாத்திரை வழியாக அதே செய்தி வந்துகொண்டே இருப்பதால் குழாய்கள் இறுகாது, திசு உதிராது. உதிராத சவ்விலிருந்து ரத்தம் எப்படி வந்து தேங்கும்? மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வழக்கம்போல வந்துவிடும்.

ஒருமுறை ஒரு அம்மா கவுண்டரில் சண்டைக்கே வந்துவிட்டார். "போன மாசம் என் பொண்ணுக்கு வரவைக்கத்தானே டாக்டர் இதை எழுதினாங்க? நீ தள்ளிப்போடுறதுன்னு சொல்றே!" இரண்டும் உண்மை. பிசிஓடி என்ற ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்குப் பல மாதம் முட்டை வெளியேறாது. முட்டை வெளியேறாவிட்டால் கார்பஸ் லூட்டியமும் இல்லை, புரோஜெஸ்டிரோனும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். அவர்களுக்குச் சில நாள் இந்த மாத்திரையைக் கொடுத்து நிறுத்துவார்கள், அந்த நிறுத்தத்தில்தான் பீரியட்ஸ் வரும். போடும்வரை தள்ளும், விட்டால் வரவைக்கும். "அப்படிச் சொல்லு" என்று சமாதானமாகிப் போனார்.

எப்போது ஆரம்பிப்பது என்பதும் இதிலிருந்தே புரியும். பீரியட்ஸ் வர வேண்டிய தேதிக்கு 3 நாள் முன்பிருந்து, 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 3 வேளை என்பதுதான் டாக்டர்கள் வழக்கமாக எழுதும் அளவு. "இன்னிக்குக் காலையிலதான் ஆச்சு, நாளைக்குக் கோயிலுக்குப் போகணும்" என்று வருபவர்களுக்கு இதனால் பிரயோஜனம் இல்லை, புரோஜெஸ்டிரோன் ஏற்கெனவே இறங்கி, சவ்வு உதிர ஆரம்பித்துவிட்டது. தேதி ஒழுங்கில்லாதவர்களுக்கும் சிக்கல்தான். முட்டை வெளியேறிய பிறகான 14 நாள் பெரிதாக மாறாது, அதற்கு முந்தைய பாதிதான் காய்ச்சல், அலைச்சல், பரீட்சை டென்ஷன் என்று எதற்கும் நீளும், அதனால் 3 நாள் முன்பு எது என்று கணக்குப் போட முடியாது.

அடிக்கடி போடலாமா? வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, டாக்டரிடம் கேட்டு, 10 அல்லது 14 நாளுக்கு மேல் போகாமல் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய தொந்தரவு வராது. வயிறு உப்புசம், மார்பகத்தில் வலி, சிடுசிடுப்பு வரலாம். ஆனால் இந்த அளவில் போடும்போது மருந்தில் ஒரு சிறு பங்கு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் வகையாக மாறுகிறது. அதனால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், கண்ணில் மின்னல் போல வந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், கல்லீரல் நோய் அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் தானாக வாங்கிப் போடவே கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து யாத்திரை போகிறவர்கள், வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, இந்த அளவில் இதைக் கருத்தடை என்று நம்ப வேண்டாம். கரு தங்கினால் அது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து கார்பஸ் லூட்டியத்தைச் சுருங்கவிடாமல் வைத்திருக்கும், அப்போதும் நாள் தள்ளும். மாத்திரை போட்டிருப்பதால் அதுதான் காரணம் என்று நினைத்துவிடுவோம். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால், ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.