தவிட்டு டிரம்மில் சரி, தண்ணீர் டிரம்மில் தப்பு

கேள்வி: மாதவரத்தில் ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன். தண்ணீருக்கு ஒரு 200 லிட்டர் நீல டிரம், தவிடு புண்ணாக்குக் கலவைக்கு இன்னொன்று. பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் இரண்டு டிரம் வாயிலும் குறுக்குச் சட்டம் வைத்து, ஒளியால் தூரம் அளக்கும் ஷார்ப் கம்பெனி இன்ஃப்ராரெட் சென்சாரை மாட்டியிருக்கிறான். எத்தனை செ.மீ. காலி என்று ஆர்டுயினோ என்ற சின்ன கணினி போர்டு காட்டும். தவிடு பாதி இருந்தால் சரியாகச் சொல்கிறது. வாய் வரை கொட்டினால் கால் டிரம் காலி என்கிறது. தண்ணீரில் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. நேற்று போர் மோட்டார் நிற்காமல் வழிந்து கொட்டகையே சேறு. காலை பத்து மணிக்கு மேல் எண்கள் வேறு ஆடுகின்றன. சென்சார் பழுதா?

பதில்: பழுதில்லை அம்மா. மகன் வாங்கியதும் நல்ல சரக்குதான். சிலர் திருகு வைத்த சின்ன நீல மாட்யூலை வாங்கி வந்து தூரம் வரவில்லை என்பார்கள். அது 'எதிரே ஏதோ இருக்கிறது, இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஜிபி2ஒய்0ஏ21. அதற்கு 10 முதல் 80 செ.மீ. வரைதான் கண் தெரியும். உங்கள் மூன்று தொல்லைகளுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் தவிடு. அந்தச் சென்சாருக்கு இரண்டு கண். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும், மற்றது திரும்பி வரும் ஒளி எந்தச் சாய்வில் வந்து விழுகிறது என்று பார்க்கும். சாய்வை வைத்துத்தான் தூரம். அதனால் வெளுத்த தவிடோ கருத்த புண்ணாக்கோ, பெரிய வித்தியாசம் வராது. ஆனால் அது தருவது செ.மீ. இல்லை, வோல்ட். 80 செ.மீ.யில் சுமார் 0.4 வோல்ட், 10 செ.மீ.யில் சுமார் 2.3. இன்னும் நெருங்கினால் கொஞ்சம் ஏறி, பிறகு சரிந்துவிடும். வாய் வரை கொட்டிய தவிடு மூன்று செ.மீ.யில் இருந்தாலும், வோல்ட் என்னவோ பதினைந்து செ.மீ.க்கு உரியதாக இருக்கும். போர்டு அதை நம்பிவிடுகிறது. சட்டத்தை டிரம் வாய்க்கு மேலே 12 செ.மீ. தூக்கி வையுங்கள், தீர்ந்தது. அடியில் இருபது செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம் தெரியாமல் போகும். போகட்டும், அதற்கு முன்பே 'தீவனம் வாங்கு' என்று மணி அடிக்க வைத்தால் போதும்.

கணக்கையும் மகன் மாற்ற வேண்டும். வோல்ட்டும் தூரமும் நேர்க்கோட்டில் போவதில்லை. ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரை எண்ணுகிறது. 20 செ.மீ. அருகே தீவனம் ஒரு செ.மீ. இறங்கினால் அந்த எண் ஏறக்குறைய 12 மாறும். 80 அருகே ஒரு செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய ஒன்றுதான் மாறும். ஆகவே சூத்திரத்தை நம்பாமல், டேப் பிடித்து 10 முதல் 80 வரை ஐந்து ஐந்து செ.மீ.யாக அளந்து, ஒவ்வோர் இடத்திலும் இருபது முறை படித்து நடு எண்ணை எழுதி ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். இடைப்பட்டதை இரண்டு வரிகளுக்கு நடுவே பிரித்துக்கொள்ளலாம். ஒரு படிப்புக்கும் அடுத்ததுக்கும் 50 மில்லி செகண்ட் இடைவெளி வேண்டும். சென்சார் புது அளவெடுக்கவே 40 மில்லி செகண்ட் போல ஆகும். அதன் மின்கம்பிகளுக்குக் குறுக்கே, சென்சாரை ஒட்டியே, மின்சாரம் ஆடாமல் தாங்க ஒரு 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைக்க வேண்டும். தவிட்டுத் தூசியை வாரம் ஒரு முறை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

தண்ணீர்தான் சிக்கல். தெளிந்த தண்ணீரில் அந்த ஒளி உள்ளே போய் டிரம் அடியில் பட்டுத் திரும்பும். கிணற்றுத் தரை மேலே வந்தது போலத் தெரியுமே, அந்த மாதிரி ஒரு பொய்த் தூரம் வரும். மேல்பரப்போ கண்ணாடி மாதிரி ஒளியை எங்கோ திருப்பி அடித்துவிடும். இதைச் சரி செய்ய ஒரு மிதவை வேண்டும்: வெள்ளை பெயிண்ட் வாளி மூடியின் அடியில் இறுக மூடிய காலி பாட்டில் இரண்டைக் கட்டி மிதக்க விட்டு, பக்கவாட்டில் நகராமல் மேலும் கீழும் மட்டும் போய்வர, இரண்டு நரம்புக் கயிற்றில் கோத்துவிடுங்கள். தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். எட்டினால் மாடு மென்று விழுங்கும், வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், தண்ணீருக்கு இன்ஃப்ராரெட்டையே விட்டுவிடலாம். ரிச்சி தெருவில் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்று கேளுங்கள். நனைந்தாலும் கெடாத ஒலி சென்சார். ஒலிக்குத் தண்ணீர்ப் பரப்பு சுவர் மாதிரி. அதற்கும் 20, 25 செ.மீ.க்குள் பார்வை கிடையாது, அதனால் அந்த அளவு உயரத்தில் மாட்டுங்கள். 200 லிட்டர் டிரம்மில் ஒரு செ.மீ. என்பது ஏறக்குறைய இரண்டரை லிட்டர். ஒரு செ.மீ. பிசகினாலும் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. எது வாங்கினாலும் வழியாமல் தடுக்க, வீட்டு மேல்தொட்டியில் இருக்கும் மிதவை ஸ்விட்ச் ஒன்றைத் தனியாக மாட்டிவிடுங்கள். போர்டு தூங்கினாலும் அது மோட்டாரை நிறுத்தும். மோட்டார் பக்கத்து 230 வோல்ட் வேலையை மகன் தொடக் கூடாது, எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஈரக் கொட்டகை அது.

பத்து மணிக்கு மேல் ஆடுவது வெயில். சூரிய ஒளியிலும் இதே இன்ஃப்ராரெட் நிறைய உண்டு, கூரை ஓட்டை வழியாக டிரம்முக்குள் நேரே விழுந்தால் வாங்கும் கண் கூசிப்போகும். மேலே ஒரு தகரத் துண்டு போட்டால் சரியாகும்.

சேற்றைத்தான் நான் முதலில் கவனிப்பேன். கறந்து முடித்து அரை மணி நேரம் காம்புத் துளை திறந்தே இருக்கும், அந்த நேரத்தில் மாடு சேற்றில் படுத்தால் மடிநோய்க்கு வழி. கறந்ததும் தீவனம் போடுங்கள், நின்றுகொண்டே தின்னட்டும். சேறு காயும் வரை தினமும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக விழுந்தாலோ, மடி சூடாக இருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உங்கள் மாதவரத்திலேயே பால் பண்ணைப் பக்கம் இருக்கிறது.